வரலாற்று நாவலும் நாட்டுணர்வும்: ‘பொன்னியின் செல்வ’னை ஈழத்திலிருந்து நோக்கல்

கூத்திற்குரிய பொருளை வகுத்துக் கூறவந்த நம் பண்டை உரையாசிரியர், தலைவன் உலகில் உள்ளவனா இல்லாதவனா, அவனைப் பற்றிச் சொல்லப்படும் பொருள் நிகழ்ந்ததா நிகழாததா என இரு வினாக்களை எழுப்பி, அவற்றின் விடைகளைக் கூட்டி நால்வகை கண்டனர். உள்ளவனைத் தலைவனாக நிறுத்தி அவன்மேல் இல்லாத பொருளை ஏற்றிக் கூறுதல் அவற்றுள் ஒன்று. இக்காலத்து வரலாற்று நாவல் என்று யாம் வழங்கும் இலக்கிய வகைக்கு இதனினும் பொருத்தமான இலக்கணத்தை மேல்நாட்டுத் திறனாய்வாளர் நூல்களில் தேடவேண்டியதில்லை. யவனப் பேராசான் அரித்தோத்தில், நிகழ்ந்ததைக் கூறுவோன் வரலாற்றாசிரியன், நிகழக்கூடியதைக் கூறுவோன் கவிஞன் எனப் பிரித்தான். நம்மவர் பிரித்ததோடு நில்லாது, இரண்டும் கலக்கும் இடத்துக்கும் பெயரிட்டனர்.

ஆயின் உரையாசிரியர் காணாத ஒன்று உண்டு. உள்ளவன்மேல் ஏற்றிய இல்லாத பொருள், ஒரு தலைமுறை கழிந்தபின் உள்ள பொருளாகவே மக்கள் நெஞ்சிற் குடியேறிவிடுகிறது. ஆதித்த கரிகாலன் எவ்வாறு இறந்தான் என்ற வினாவுக்கு, நந்தினியின் பெயரை எழுதும் மாணாக்கரை யான் ஆண்டுதோறும் காண்கின்றேன். நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லாதவள். 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் இந்நாவல் இரு பகுதிகளாகத் திரைக்கு வந்தபின், நூலைக் கையால் தொடாதவரும் அவளை அறிவர். ஒரு மக்கட் கூட்டம் தன் முன்னோரைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்தில் நாவலாசிரியன் இட்ட பங்கு எவ்வளவு, வரலாற்றாசிரியன் இட்ட பங்கு எவ்வளவு என்று பகுத்தறிதல் ஆகவே வெறும் இலக்கியப் பொழுதுபோக்கன்று. மட்டக்களப்பு வாவியின் வடபால், மாங்கேணி போன்ற கடலோரச் சிற்றூரில் இருந்து கற்பிப்பவனுக்கு அது நாள்தோறும் எதிர்ப்படும் தொழிற்சிக்கல்.

தமிழில் முதல் வரலாற்று நாவல் எனப் பலராலும் கொள்ளப்படுவது ‘மோகனாங்கி’. 1895இல் வெளிவந்த இதனை இயற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருக்கோணமலையைச் சேர்ந்தவர். நம் கீழ்மாகாணத்துக்கு இது பெருமை தருவதென்பது ஒருபுறமிருக்க, அவர் எடுத்துக்கொண்ட பொருளை நோக்குதல் வேண்டும். சேரன், சோழன், பாண்டியன் எவனும் அதில் தலைவனல்லன். மதுரைச் சொக்கநாத நாயக்கரும் தஞ்சை நாயக்கர் அரண்மனையுமே கதைக்களம். தெலுங்கு பேசிய அரசர்தம் குலத்தை நாயகமாக வைத்துத் தமிழில் வரலாற்று நாவல் எழுத அன்று எவ்விதத் தடையும் தோன்றவில்லை. ‘தமிழர் பொற்காலம்’ என்ற எண்ணம் நாவலுக்குள் இன்னும் நுழையாத காலம் அது.

அவ்வெண்ணம் பின்னர் எங்ஙனம் நுழைந்தது? கல்வெட்டின் வழியே நுழைந்தது என்பது என் கருத்து. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் முதல் மடலம் 1890இல் வெளிவந்தது. கோயிற் சுவர்களிற் பாசி படிந்து கிடந்த மெய்க்கீர்த்திகள் அச்சேறின. 1935இல் நீலகண்ட சாத்திரியாரின் சோழர் வரலாறு ஆங்கிலத்தில் தோன்றிற்று. 1949இல் சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ தமிழில் தோன்றிற்று. மறுவருடம், 1950 ஒக்தோபரில், ‘கல்கி’ வார இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கி 1954 மே வரை நடந்தது. அறிஞர் சிலர் மட்டும் அறிந்திருந்ததை மூன்றரை ஆண்டுகளில் திண்ணையிலும் புகைவண்டியிலும் அடுக்களையிலும் பேசவைத்தவர் கல்கி. வால்டர் ஸ்கொட்டு ஸ்கொத்லாந்துக்கும், வங்கத்தில் ‘ஆனந்தமடம்’ எழுதிய பங்கிம் சந்திரரும், ‘மார்த்தாண்ட வர்மா’வால் சி. வி. இராமன்பிள்ளை திருவிதாங்கூருக்கும் செய்ததைத் தமிழுக்கு அவர் செய்தார். சிறைசென்ற தேசத் தொண்டரும், தமிழிசைக்காக வாதாடியவருமாகிய அவர், ‘பார்த்திபன் கன’வில் கப்பங்கட்டும் சோழநாட்டின் விடுதலை வேட்கையை எழுதியபோது, வெள்ளையர் ஆட்சியின் கீழிருந்த வாசகர் அதில் தம் கதையையே கண்டனர். ‘பொன்னியின் செல்வன்’ எழுதப்பட்டபோது விடுதலை வந்துவிட்டது. விடுதலைக்குப்பின் நல்லாட்சி எது என்ற வினா நின்றது. நாட்டுணர்வை ஊட்டும் நாவலின் வேலை அங்கே மாறுகிறது.

இனி, கலவை எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஓரிடத்தில் நின்று நோக்குவோம். வரலாறு தருவது இது: சுந்தர சோழரின் மூத்த மகன், பாண்டியன் தலைகொண்ட ஆதித்த கரிகாலன், ஏறத்தாழ 969இல் கொலையுண்டான். அவன் தம்பி அருமொழி அரசுரிமையை நாடாமல் தன் சிறிய தாதையாகிய உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்தான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். உத்தமன் 985 வரை ஆண்டான். பின்னர் அருமொழி இராசராசனாய் முடிசூடிய இரண்டாம் ஆண்டிலேயே, கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சுற்றத்தார் நிலம் பற்றிய ஆணை உடையார்குடிக் கோயிற் கல்வெட்டில் இடம்பெறுகிறது. சோமன், இரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராயன், பரமேசுவரனாகிய இருமுடிசோழப் பிரமாதிராயன் என்னும் பெயர்கள் அதில் வருகின்றன.

இச்செய்திகளை அடுத்தடுத்து வைத்தால் எவர்க்கும் ஓர் ஐயம் பிறக்கும். உத்தமன் ஆட்சி முழுவதும் கொலைஞர்மேல் நடவடிக்கை ஏன் தெரியவில்லை? நீலகண்ட சாத்திரியார் உத்தமனையே ஐயுற்றார். பண்டாரத்தார் அதனை மறுத்தார். இன்றளவும் முடியாத வழக்கு இது. நாவலாசிரியனுக்கு இதனினும் இனிய இடைவெளி வாய்ப்பதரிது. கல்கி அவ்விடைவெளியில் செய்த வேலை நுணுகி ஆராயத்தக்கது.

அவர் உத்தமனை இருவராக்கினார். அரசாசை கொண்டு சிற்றரசரோடு சதிசெய்யும் மதுராந்தகன் ஒருவன். பூமாலை கட்டித் தேவாரம் பாடும் சேந்தன் அமுதன் மற்றொருவன். கதை முடியுங்காலத்து முன்னவன் கண்டராதித்தரின் மகனே அல்லன் எனத் தெரியவருகிறது. பின்னவனே உண்மைப் பிள்ளை. அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான். வரலாற்றில் ஒரே மனிதன்மேல் விழுந்த ஐயத்தை, இவ்வாறு பிரித்ததன்மூலம் கல்கி அரச குலத்துக்கு வெளியே தள்ளிவிட்டார். இரவிதாசனுக்கு நேர்ந்ததும் இதுவே. நாவலில் அவன் வீரபாண்டியனுக்காகப் பழிவாங்க வந்த மந்திரவாதி. கல்வெட்டிலோ அவன் கூட்டத்தாருள் ஒருவன் ‘இருமுடிசோழ’ என்ற சோழப் பட்டத்தைத் தாங்கி நிற்கிறான். சோழ அரசின் உயர் அலுவலர்க்குரிய பட்டம் அது. ‘பஞ்சவன்’ என்பது பாண்டியனைக் குறித்தலால் அதைக்கொண்டு பாண்டியச் சதி என்று கூற இடமுண்டு, மறுக்கவில்லை. ஆயினும் இரு பட்டங்களுள் எதனைக் கதைக்கு எடுத்துக்கொண்டார், எதனை விடுத்தார் என்பதில் ஆசிரியர் உள்ளம் தெரிகிறது. சோழன் வீட்டுக் குற்றம் சோழன் வீட்டாரால் நிகழ்ந்ததாகாது. பகை புறத்தேயிருந்து வரல்வேண்டும். புதிதாய்ப் பிறந்த நாடொன்றுக்குப் பழம்பெருமை கட்டுபவன் இயல்பாகச் செய்யும் தெரிவு இது.

கல்கியைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. கரிகாலன் உயிர்விட்ட கடம்பூர் மாளிகைக் கட்டத்தில், யார் கை அவனைக் கொன்றது என்பதை அறுதியிட்டுக் கூறாமல் வாசகனை இருளிலேயே நிறுத்தியது அவரது நேர்மை. வரலாறு கூறாததைத் தாமும் கூறேன் என்று அவர் எழுதுகோலை அங்கே தடுத்துக்கொண்டார். வந்தியத்தேவனும் அவ்வாறே. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டில் குந்தவைப் பிராட்டியாரின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்ற குறிப்பளவே எஞ்சிய ஒருவனை, ஐந்து பாகமும் சுமந்து செல்லும் உயிருள்ள இளைஞனாக்கியது எவ்வரலாற்றையும் புண்படுத்தாத படைப்பு. பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் முழுக் கற்பனை. இவர்களால் யாருக்கும் தீங்கில்லை. ஓடக்காரப் பெண்ணும் வீரசைவரோடு மல்லுக்கு நிற்கும் வைணவனும் அரண்மனைக்கு வெளியே சோழநாட்டில் மக்கள் வாழ்ந்தனர் என்பதை நினைவூட்டுகின்றனர். மெய்க்கீர்த்தி அதனை நினைவூட்டுவதில்லை.

எனது தடை ஈழத்தில் தொடங்குகிறது.

‘சுழற்காற்று’ என்னும் இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி இலங்கையில் நிகழ்கிறது. அருள்மொழிவர்மன் இங்கே படைத்தலைவனாக இருக்கிறான். தன் படைக்கு வேண்டும் உணவை இந்நாட்டு மக்களிடம் பறித்தலாகாது, சோழநாட்டிலிருந்தே வரல்வேண்டும் என்கிறான். போரால் இடிந்த பௌத்த விகாரங்களைத் தன் வீரரைக்கொண்டு செப்பனிடுவிக்கிறான். அனுராதபுரத்தில் பிக்கு சங்கத்தார் இரவில் அவனை அழைத்து இலங்கை அரசையே அளிக்க முன்வருகின்றனர். அவன் மறுக்கிறான். எழுத்தின் அழகு குன்றாத பகுதி இது. காடும் குளமும் சிலையும் கண்முன் நிற்கின்றன. ஆயின் இளவரசனாயிருந்த காலத்தில் அருமொழி ஈழத்தில் படை நடத்தினான் என்று பட்டயமும் கல்வெட்டும் கூறவில்லை. சுந்தர சோழர் காலத்தில் ஈழத்துப் போரில் கொடும்பாளூர்ச் சிறியவேளார் பட்டார் என்பதே கல்வெட்டால் அறியப்படுவது. 

இடைவெளியை நிரப்பியதால் குற்றமில்லை என்று சற்றுமுன் கூறினேன். இங்கே நிரப்பப்பட்டது இடைவெளியா? அருமொழி அரசனானபின் நடந்தவை யாவர்க்கும் தெரிந்தவை. 993 அளவில் அவன் படை ஈழத்தைக் கொண்டது. அனுராதபுரம் தலைநகர் என்ற நிலையிழந்தது. பொலன்னறுவை சனநாதமங்கலமாயிற்று, அங்கே வானவன்மாதேவி ஈச்சரம் எழுந்தது. ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு விடப்பட்டது. அவ்வூர்களைக் குறிக்கும் கல்வெட்டில், எம்மூரிலிருந்து வெருகல் கடந்து வடக்கே சென்றால் அடையும் கொட்டியாரத்தின் பெயரும் காணப்படுகிறது. 1017இல் இராசேந்திரன் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுசென்றது. அவன் 1029இல் அங்கேயே இறந்தான். சோழர் தாதுகருப்பங்களை உடைத்தனர், பொற்படிமங்களைக் கவர்ந்தனர் என்று சூளவம்சம் புலம்புகிறது. அப்புலம்பலை எழுதியவர் பிற்காலத்தவர். தம் மன்னர் புகழ் ஓங்கப் பகைவர் கொடுமையைப் பெருக்கியிருத்தல் கூடும். எனினும் போரும் கொள்ளையும் நிகழவேயில்லை என்று கூற எவராலும் இயலாது.

ஆகவே கல்கி ஈழப் பகுதியில் செய்தது, வரப்போகும் நிகழ்ச்சியின்மேல் முன்கூட்டியே ஒரு திரையை விரித்தலாகும். விகாரம் பழுதுபார்த்த கையே பின்னர் இந்நாட்டை வென்ற கை. வாசகன் முதற்கையை மட்டும் கண்டு நூலை மூடுகிறான். வென்ற பெருமையும் வேண்டும், வென்றதன் பழியும் வேண்டாம் என்ற விருப்பத்துக்கு நாவல் இடங்கொடுத்துவிட்டது. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ இவ்வகையில் சற்றுத் துணிவுடையது. இராசேந்திரன், பாண்டியன் ஈழத்தில் அடைக்கலம் வைத்த முடியைக் கவர்ந்துவரப் படையெடுத்தான் என்ற மெய்க்கீர்த்திச் செய்தியையே கதையின் நடுவில் நிறுத்துகிறது. ஆனால் மகிந்தன் மகளாக ரோகிணி என்பாளைப் படைத்து, கொடும்பாளூர் இளங்கோவின்மேல் அவளைக் காதல் கொள்ளச் செய்து, தோற்ற நாட்டின் துயரை ஒரு பெண்ணின் மனப்போராட்டமாகச் சுருக்கிவிடுகிறது. 1963ஆம் ஆண்டுச் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற அந்நாவலை, தோற்ற நாட்டில் வாழ்கின்ற தமிழன் எந்நிலையில் நின்று படிப்பான் என்பதை ஆசிரியர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தஞ்சையிலிருக்கும் வாசகனுக்கு இஃதொரு சிறு பொருளாகத் தோன்றலாம். ஈழம் அவனுக்குக் கடல்கடந்த களம், காவியத்துக்குரிய காடு. நமக்கு அது வீடு. நம் அண்டை வீட்டான் வேறொரு நூலைப் படித்து வளர்ந்தவன். மகாவமிசம் என்னும் பாளிக் காவியமும் உள்ளவனைத் தலைவனாக்கி இல்லதையும் சேர்த்துப் பாடியதே. எல்லாளனின் நீதியைப் புகழ்ந்து, அவனைக் கொன்ற துட்டகைமுனு அவன் சமாதிக்கு வழிபாடு செய்வித்தான் என்றும் கூறும் அந்நூல், பிற்காலத்தார் கையில் அப்பகுதி மங்கிப் போர்ப்பகுதி மட்டும் ஒளிபெற்ற நூலாயிற்று. சிங்களத்தில் டபிள்யூ. ஏ. சில்வா 1938இல் ‘விசயபா கொல்லய’ எழுதி, 1521ஆம் ஆண்டுக் கோட்டை அரசின் கலகத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றார். ஒரு தீவில் இரு மொழியார், ஒருவர் நாவலை மற்றவர் படியாது, தத்தம் முன்னோரைத் தத்தம் கதைகளில் மட்டும் சந்தித்து வளர்ந்தனர். 1956இன் மொழிச் சட்டமும் அதன்பின் வந்த பல்லாண்டுத் துயரும் நாவல்களால் விளைந்தவை என்று கூறும் பேதைமை எனக்கில்லை. ஆயினும் மேடையேறிய இருதரப்புப் பேச்சாளரும் உவமை தேடிச்சென்ற களஞ்சியத்தில் இக்கதைகள் இருந்தன. அவ்வுவமைகளுக்குக் கைதட்டியவர் எவரும் அடிக்குறிப்புக் கேட்டதில்லை.

இனி, மட்டக்களப்பார்க்குரிய பழங்கதை ஒன்றைச் சொல்லாமற் போதல் தகாது. எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து 1962இல் வெளியான ‘மட்டக்களப்பு மான்மியம்’ கூறும் மரபில், கலிங்க நாட்டுக் குகசேனன் மகள் உலகநாச்சி சிவலிங்கத்துடன் இங்கு வந்து, மன்னனிடம் மண்முனைப் பகுதியைப் பெற்று ஆண்டாள். கொக்கட்டிச்சோலைக் கோயிலின் வரலாறும் அவளோடு பிணைந்தது. பௌத்த மரபைப் புரட்டினால், கலிங்க நாட்டுக் குகசிவன் மகள் ஏமமாலை புத்தரின் தந்ததாதுவைக் கூந்தலில் மறைத்து இத்தீவுக்குக் கொணர்ந்த கதை எதிர்ப்படுகிறது. தந்தையின் பெயர் ஏறத்தாழ ஒன்று; நாடு ஒன்று; அரசகுமாரி புனிதப்பொருள் சுமந்து கடல்கடத்தலும் ஒன்று. ஒரு வித்து இரு கரைகளில் முளைத்தது போலும். எது முந்தியது என்று வழக்காடுவோர் வழக்காடுக. நாவலாசிரியன் ஒருவன் இவ்விரு கூந்தலையும் ஒருங்கே நோக்குவானாயின் அவனுக்குக் கிடைக்கும் கதை, சோழன் வெற்றியிலும் சிங்களன் வெற்றியிலும் கிடையாது. வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்ற நூலில் இப்பகுதியின் வழக்கும் பாடலும் கோயில் மரபும் தொகுக்கப்பட்டுக் கிடக்கின்றன. கருவூலம் திறந்தே இருக்கிறது.

அக்கருவூலத்திலும் இடம்பெறாதார் உளர். மாங்கேணியிலும் பனிச்சங்கேணி, வாகரைப் பக்கத்திலும் வாழும் கடலோர வேடர் இன்று தமிழே பேசுகின்றனர். சோழப்படை வந்தபோதும், கலிங்கப் பெண் வந்தபோதும், கண்டி மன்னர் ஆணை செலுத்தியபோதும் அவர்தம் முன்னோர் இக்காடுகளில் இருந்தனர். வரலாற்று நாவலில் வேடன் வருவானாயின் வழிகாட்டவோ, அம்பெய்யவோ, அரசகுமாரனைக் காப்பாற்றி இறக்கவோ வருவான். வகுப்பில் வேடர் குடிப் பிள்ளைகளை முன்னே வைத்துக்கொண்டு ‘நம் முன்னோர் சோழர்’ என்று உரைக்கும் ஆசிரியன், எவர் முன்னோரைக் கூறுகிறான்? இவ்வினாவுக்கு ஐந்து பாகங்களிலும் விடையில்லை. இருத்தல் வேண்டுமென்று கல்கியை வற்புறுத்துவதும் முறையன்று. அவர் எழுதியது பொன்னியின் கரைக்கு.

திருக்கோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்தருகே வெல்கம் விகாரை என்னும் பழம் பௌத்தப் பள்ளியின் சிதைவுகள் உள்ளன. சோழர் ஆட்சிக்காலத்தில் அஃது அழிக்கப்படவில்லை. இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு பேணப்பட்டது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் விளக்கெரிக்க அளித்த கொடைகளையும் பசுக்களையும் கூறுகின்றன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தி செப்பேட்டில் உள்ளது. அவ்விகாரத்தைக் கல்கி நாவலுக்குள் கொணர்ந்து அழகுறப் பயன்படுத்தினார். ஈழத்துப் பெரும்பள்ளியை அவர் நாவலில் காணவில்லை. விகாரம் பழுதுபார்த்த இளவரசனைக் கற்பனையிற் படைத்தவர்க்கு, விகாரத்துக்கு விளக்கேற்றிய தமிழரைக் கல்லே காட்டிக்கொண்டு நின்றது. ஒரே ஆட்சி, ஓரிடத்தில் சூளவம்சம் கூறும் கொள்ளையையும் மற்றோரிடத்தில் இக்கொடையையும் நிகழ்த்தியிருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே கதையில் தாங்கும் நாவல் எழுதப்படுமாயின், அதன் தலைவன் முடிபுனைந்தவனாய் இருக்கவேண்டியதில்லை. வெல்கம் விகாரைக்குப் பசு அளித்த ஒருவன் போதும். அவன் படையோடு வந்து தங்கியவனா, வணிகனா, அதற்குப் பல தலைமுறை முன்பே இக்கரையில் குடியிருந்த தமிழ்ப் பௌத்தனா என்பது ஆராய்தற்குரியது.